மொழிபெயர்ப்பில் பிழையில்லை: தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தேசிய பொலிஸ் ஆணைக்குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஓய்வு பெற்ற பொலிஸ் சார்ஜன்ட். பிறந்து வளர்ந்தது, இப்போது பென்ஷன் எடுத்துக்கொண்டு இருப்பது எல்லாம் கொட்டாஞ்சேனையில்தான். கொழும்பிலும் அதைச் சுற்றியும் ஐந்து நிலையங்களில் வேலை செய்தேன். எந்தெந்த நிலையம் என்று இங்கே எழுதப் போவதில்லை. அங்கே இப்போது இருக்கிற பிள்ளைகளுக்கு இதனால் ஒரு தலையிடி வரக்கூடாது. பெயரில்லாததால் மொட்டைக் கடிதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பெயர், இலக்கம், கையெழுத்து எல்லாம் போட்ட பிரதி பதிவுத் தபாலில் வருகிறது.

போன மாதம் என் தங்கை மகன் வீட்டுக்கு வந்தான். ஏ.எல். முடித்தவன். சிங்களமும் தமிழும் தண்ணி மாதிரிப் பேசுவான். "மாமா, பொலிஸுல தமிழ் தெரிஞ்ச ஆக்களுக்கு நல்ல டிமாண்டாம். போடவா?" என்று கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். யோசிக்க உட்கார்ந்தால் கை இந்தக் கடிதத்தை எழுத ஆரம்பித்துவிட்டது.

டிமாண்ட் உண்மைதான். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வந்து தமிழும் அரச கரும மொழி என்றது. அந்த 'உம்' நான் இருந்த நிலையங்களில் என் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தமிழில் முறைப்பாடு சொல்ல வருபவருக்கு நான். தமிழ் மட்டும் தெரிந்த சந்தேக நபருக்கு நான். தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்து காணாமல் போன மகளைத் தேடி வரும் தாய்க்கும் நான்தான். லீவில் வீட்டில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் "போனை அந்த அம்மாகிட்டக் கொடுக்கிறேன், ஒரு நிமிஷம் பேசு" என்பார்கள். அதெல்லாம் வேலை, பரவாயில்லை. ஆனால் சாவுச் செய்தியும் தமிழில்தான் போக வேண்டும், இல்லையா?

ஒரு இரவு வெள்ளவத்தைக்கும் தெஹிவளைக்கும் நடுவே, கடலோர ரயில் பாதையில், ஒரு பையன் அடிபட்டுவிட்டான். பர்ஸில் இருந்த அடையாள அட்டையில் எங்கள் பகுதி விலாசம். செய்தி வந்ததும் வழக்கம்போல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வத்தை அது, சின்னச் சின்ன வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற இடம். பொதுப் பைப்பைத் தாண்டி நாலாவது வீடு. மணி ஒன்பதரை இருக்கும். அந்த அம்மா கடைகளுக்குக் கொடுக்க இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார். தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கியிருந்தன, கையெல்லாம் மா. என் காக்கியைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"ராலஹாமி, பொடியன் ஏதும் வம்புல மாட்டிக்கிட்டானா?"

"இல்லம்மா."

"அப்ப சரி. இருங்க, பிளேன்டீ ஊத்துறேன்."

நான் இருந்தேன். அவர் இஞ்சி தட்டிப் போட்டு ஊற்றிக் கொடுத்த பிளேன்டீயைக் குடித்தேன். என் ஆயுளில் அவ்வளவு மெதுவாக ஒரு பிளேன்டீ குடித்ததில்லை. மகன் வம்பில் மாட்டவில்லை என்ற நிம்மதியில் அவர் வாடகை ஏறியதைப் பற்றியும் கரண்ட் பில்லைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தார். கோப்பை காலியான பிறகுதான் சொன்னேன். அவர் கத்தவில்லை. என் கையிலிருந்த கோப்பையை வாங்கிக் கொண்டுபோய்க் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் தரையில் உட்கார்ந்தார்.

அந்த நாலைந்து நிமிஷத்தை அவருக்காகக் கொடுத்தேனா, எனக்காக எடுத்துக்கொண்டேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தகவல் புத்தகத்தில் நான் எழுதியது: 'உறவினருக்கு அறிவிக்கப்பட்டது.' எழுதி முடித்ததும் வீதித் தடைக்கு அனுப்பினார்கள். விடியற்காலை ஐந்து மணிவரை லைசன்ஸ் பார்த்துக்கொண்டு நின்றேன். "போன இடத்தில் என்ன நடந்தது?" என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். கேட்டிருந்தால் நானும் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்லியிருப்பேன்.

அந்த அம்மா பிறகு என்னை வீதியில் கண்டால் சிரிப்பார். நான் மற்றப் பக்கத்தால் போய்விடுவேன்.

இது ஒன்று. இரண்டாவதைச் சொல்வது கஷ்டம். அதனால் சுற்றி வளைத்துத்தான் வருவேன்.

பொலிஸ் ஏன் அடிக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம் விளங்குவதில்லை. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வழக்கில் செல்லாது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் மட்டும்தான் உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குறையாதவரிடம் கொடுத்ததை ஏற்கும். அப்படியானால் சாதாரணத் திருட்டு வழக்கில் அடித்து என்ன லாபம்? லாபம் 27ஆம் பிரிவில் இருக்கிறது. சந்தேக நபர் சொன்னதை வைத்து ஒரு பொருள் அகப்பட்டால், அதோடு சேர்ந்த அந்தச் சொல் செல்லும். ஆகவே அடி விழுவது ஒப்புதலுக்கு அல்ல, சங்கிலிக்கு, போனுக்கு, மோட்டார் சைக்கிளுக்கு. ஆளை நீதவானிடம் கொண்டுபோக இருப்பது 24 மணித்தியாலம். நிலையத்தில் விசாரணைக்கென்று இருப்பது நாலு பேர், அதில் இரண்டு பேர் விஐபி பாதுகாப்புக்குப் போயிருப்பார்கள். மேலேயிருந்து "இந்த மாதம் எத்தனை பிடித்தீர்கள்?" என்று கேள்வி வேறு. வெளியே பெஞ்சில் சங்கிலியைப் பறிகொடுத்தவர் உட்கார்ந்திருப்பார். படித்த மனுஷனாக இருப்பார், மெதுவாகக் கூப்பிட்டு "நல்லா நாலு போடுங்க சேர், தானா கக்குவான்" என்பார். அடிக்காத பொலிஸை நம் சனமே பொலிஸாக மதிப்பதில்லை. இதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் சட்டம் இருக்கிறது. அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சித்திரவதை கூடாது என்கிறது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி சித்திரவதைக்குக் குறைந்தது 7 வருடம் சிறை. களுத்துறைக் கல்லூரியில் எங்களுக்கும் இதைச் சொல்லித்தான் தந்தார்கள், பரீட்சையிலும் வந்தது.

சரி, இப்போது சொல்லிவிடுகிறேன். ஒரு பையன், பத்தொன்பது இருபது வயது இருக்கும். மலையகத்துப் பிள்ளை, புறக்கோட்டையில் மூட்டை தூக்கியவன். அவனை நான் தொடவில்லை. பக்கத்து அறையில் இருந்து வாக்குமூலம் ஒன்றைச் சுத்தப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். கேட்டது. எழுதிக்கொண்டே இருந்தேன். அந்தப் பக்கத்தில் என் கையெழுத்து ஒழுங்காக இருந்தது, கோணவேயில்லை. அதை நினைத்தால்தான் இப்போது வயிற்றைப் பிசைகிறது.

மறுநாள் அவனைச் சட்ட வைத்திய அதிகாரியிடம் கொண்டுபோனார்கள். டொக்டருக்குத் தமிழ் வராது. பையனுக்குச் சிங்களம் சந்தை அளவுக்குத்தான். மொழிபெயர்க்க நான். டொக்டர் நல்ல மனிதர். பேனையைக் கீழே வைத்துவிட்டு, "இந்தக் காயம் எப்படி வந்தது என்று கேளுங்கள்" என்றார். கேட்டேன். பையன் டொக்டரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான், பிறகு என் பெல்ட்டைப் பார்த்தான்.

"விழுந்துட்டேன் சேர்."

விழுந்துவிட்டதாகச் சொல்கிறார் என்று சிங்களத்தில் சொன்னேன். சொல்லுக்குச் சொல் சரி. மொழிபெயர்ப்பில் பிழையில்லை. டொக்டர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு எழுதினார். நான் கொஞ்சம் வெளியே போயிருந்தால், அல்லது "பயப்படாம உள்ளதைச் சொல்லு தம்பி" என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால்? சேர்த்திருந்தால் மாலைக்குள் எனக்கு என்ன நடந்திருக்கும் என்று தெரியும். அப்போது மகள் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் ஒரு இடமாற்றம் வந்தால் வீடே கவிழும் என்று கணக்குப் போட்டேன். கணக்கும் சரிதான்.

இதில் நான் அப்பாவி என்று சொல்ல வரவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். அடித்தவரின் சக ஊழியனை அடி வாங்கியவனுக்கு வாயாக நிறுத்துகிற ஏற்பாட்டை யார் செய்தது? எந்தச் சுற்றறிக்கையிலும் அப்படி எழுதியிருக்காது. ஆள் இல்லை, இவனுக்குத் தமிழ் தெரியும், அனுப்பு. அவ்வளவுதான். அதற்குள் ஒரு பெரிய அநியாயம் சத்தமில்லாமல் நுழைந்து உட்கார்ந்துவிடுகிறது.

வாக்குமூலமும் இப்படித்தான். புருஷன் அடித்து உதடு கிழிந்து வந்த பெண்கள் தமிழில் அரை மணி நேரம் அழுது சொல்வார்கள். புத்தகத்தில் சிங்களத்தில் ஏறுவது ஆறு வரி. கடைசியில் 'வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது, சரியென ஏற்றுக் கையொப்பமிட்டார்' என்று ஒரு வாசகம் வரும். வரிசையில் இன்னும் எட்டுப் பேர் நிற்கும்போது எத்தனை தடவை நான் உண்மையில் வாசித்துக் காட்டினேன்? 2005இல் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்த பிறகும் "குடும்பப் பிரச்சினை, பேசித் தீர்த்தாயிற்று" என்று எத்தனை எழுதினேன்? மேலிடத்தில் சொல்லித்தான் எழுதினேன். ஆனால் எழுதிய கை என்னுடையது.

2007 ஜூன் 7ஆம் திகதியை உங்களில் சிலர் மறந்திருக்கலாம். கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களை அன்று பஸ்களில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள், பெரும்பாலும் வவுனியாப் பக்கம். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். அந்த அதிகாலையில் ஒரு லொட்ஜ் படிக்கட்டில் நான் நின்றேன். கதவு திறந்த ஒரு பெரியவர், யாழ்ப்பாணத்துக்காரர், சாரத்தை இறுக்கிக்கொண்டே என் முகத்தைக் கிட்ட வந்து பார்த்தார். "தம்பி, நீர் தமிழோ?" என்று கேட்டார். நான் சிங்களத்தில் "சீக்கிரம்" என்றேன்.

பிரதமர் வருத்தம் தெரிவித்துவிட்டார். நான் யாரிடம் போய்த் தெரிவிக்க? அந்தப் பெரியவரின் பெயரும் எனக்குத் தெரியாது. உத்தரவு சட்டபூர்வமானதா இல்லையா என்பதை நீதிமன்றம் ஒரு நாள் கழித்துப் பார்த்தது. படிக்கட்டில் நிற்கிறவனுக்கு ஒரு நாள் தவணை கிடையாது.

2019 ஏப்ரல் 21, அந்த ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகள் பற்றி நான் நீட்ட மாட்டேன். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் எங்கள் வீட்டிலிருந்து நடை தூரம். செத்தவர்களில் எனக்குத் தெரிந்தவர்களும் உண்டு. தெமட்டகொடை வீட்டுக்குச் சோதனைக்குப் போன பொலிஸார் மூன்று பேர் செத்ததும் அன்றுதான். அடுத்த நாள் என்னை உறவினர்களோடு நிறுத்தினார்கள். திரையில் படங்கள் ஒவ்வொன்றாக வரும். "இவரா?" என்று தமிழில் கேட்க வேண்டும். இல்லையென்றால் "அடுத்தது" என்று சொல்ல வேண்டும். இன்றைக்கும் பார்மசி வரிசையில் நிற்கும்போது கவுண்டர்க்காரப் பிள்ளை "அடுத்தது" என்று கூப்பிட்டால் எனக்கு ஒரு கணம் கால் எழும்பாது.

அதே கையோடு மே மாதம் முஸ்லிம் வீடுகளில் தேடுதல். ஒரு வீட்டில் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டி, "இதில் என்ன எழுதியிருக்கு, வாசி" என்றார் ஒரு இளம் அதிகாரி. அரபு எழுத்து. சிங்களம் இல்லாத எழுத்தெல்லாம் என் பொறுப்பு என்று நினைத்துவிட்டார் போலும்! சிரிப்பு வந்தது, அந்த வீட்டுப் பெண்ணின் கை நடுங்குவதைக் கண்டதும் நின்றுவிட்டது. "வீட்டில் ஓதுகிற கிதாபு சேர்" என்று சொல்லி வாங்கி, இருந்த இடத்தில் வைத்தேன். அந்த நாட்களில்தான் ஹசலகவில் சட்டையில் கப்பல் சுக்கான் படம் இருந்ததற்காக, அதைத் தர்மச் சக்கரம் என்று சொல்லி ஒரு பெண்ணைக் கைது செய்தார்கள். அந்த வீட்டில் என் சொல்லை அந்த அதிகாரி நம்பினார். நம்பாமல் போயிருந்தால் அந்தக் குடும்பத்தின் கதி என்ன?

2023 ஜனவரியில் அந்தக் குண்டுவெடிப்பு வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது நாடே பார்த்தது. முன்கூட்டியே புலனாய்வுத் தகவல் வந்திருந்தும் தடுக்கத் தவறியதற்காக, முன்னாள் ஜனாதிபதி 10 கோடி ரூபாயும் முன்னாள் பொலிஸ் மாஅதிபர் 7½ கோடியும் கட்ட வேண்டும் என்றது. நான் தீர்ப்பைப் பேப்பரில் வாசித்துவிட்டு என்ன நினைத்தேன் தெரியுமா? மேலே தெரிந்தது கீழே வரவில்லை, கீழே பட்டது மேலே போகவில்லை. இரண்டுக்கும் ஒரே ஏணிதான்.

நீங்கள் கேட்கலாம்: உதவிக்கு ஏற்பாடு இருக்கிறதே, நாரஹேன்பிட்டியில் பொலிஸ் வைத்தியசாலை இருக்கிறதே, 1926 என்ற மனநல இலக்கம் இருக்கிறதே என்று. இருக்கிறது. அந்த நாலு இலக்கத்தில் மூன்றை அழுத்திவிட்டு நான் போனை வைத்த இரவுகள் உண்டு. 'மண்டை சரியில்லை' என்று தனிப்பட்ட கோவையில் ஏறிவிடுமோ, ஆயுதம் எடுக்க விடமாட்டார்களோ, பதவி உயர்வு நிற்குமோ என்ற பயம். அந்தப் பயம் வீணா, உண்மையா என்று எங்களுக்கு ஒருவரும் எழுத்தில் சொன்னதில்லை. நீங்கள் சொல்லலாம். உதவி கேட்டது கோவையில் ஏறாது, இடமாற்றத்துக்கோ பதவி உயர்வுக்கோ அதைப் பார்க்கமாட்டோம் என்று ஒரு பக்கத்தில், இரண்டு மொழியிலும் எழுதி, ஒவ்வொரு நிலையத்திலும் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டச் சொல்லலாம். பொறுப்பதிகாரியின் அறையில் ஒட்டினால் ஒருவனும் நின்று வாசிக்க மாட்டான்.

சாவுச் செய்தி கொண்டுபோகிறவனைத் தனியாக அனுப்பாதீர்கள், வந்த கையோடு வீதித் தடைக்கும் அனுப்பாதீர்கள். ஒரு இரவு வீட்டுக்குப் போகட்டும். இதற்குச் சட்டத் திருத்தமா வேண்டும்?

சட்ட வைத்திய அதிகாரியின் அறைக்குள் எந்தப் பொலிஸ்காரனும் மொழிபெயர்ப்பாளனாக நுழையக்கூடாது. இது உங்கள் கையில் மட்டும் இல்லை, சுகாதார அமைச்சோடும் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவோடும் பேச வேண்டியிருக்கும். பேசுங்கள். மற்ற எல்லாவற்றையும் கிழித்துப் போட்டாலும் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். தமிழில் சொன்ன வாக்குமூலம் தமிழிலேயே எழுதப்பட வேண்டும் என்பதும் புதிதாகக் கேட்கிற சலுகை இல்லை.

அப்புறம் இடமாற்றம். எங்கள் சின்னத்தில் பாளி மொழியில் எழுதியிருப்பது தர்மத்தின்படி நடப்பவனைத் தர்மம் காக்கும் என்று. காக்கட்டும், வேண்டாம் என்கவில்லை. ஆனால் பிழையான உத்தரவைச் செய்யமாட்டேன் என்று ஒரு கான்ஸ்டபிள் தகவல் புத்தகத்தில் எழுதினால், தர்மம் வந்து சேருவதற்குள் இடமாற்றக் கடிதம் வந்துவிடும். 'சேவைத் தேவை கருதி' என்று போட்டிருக்கும். அப்படி எழுதிய ஒருவனை அடுத்த ஒரு வருடத்துக்கு உங்களுக்குத் தெரியாமல் அசைக்கக்கூடாது என்று ஒரு விதி செய்யுங்கள். கீழ் மட்டத்து அதிகாரங்களைப் பொலிஸ் மாஅதிபரிடம் கையளித்திருக்கிறோம் என்பீர்கள். கையளித்தவர்கள் நீங்கள்தானே.

அதிகாரம் கையை விட்டுப் போவது எப்படியிருக்கும் என்று உங்கள் ஆணைக்குழுவுக்கே தெரியும். 2001இல் 17ஆவது திருத்தத்தோடு வந்தீர்கள். 2010இல் 18 வந்து பிடுங்கியது. 2015இல் 19 திருப்பித் தந்தது, 2020இல் 20 மறுபடி பிடுங்கியது, 2022இல் 21 வந்து மறுபடி தந்தது. இப்போது கையில் இருக்கிறது. எத்தனை நாளைக்கு என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இருக்கும்போது செய்துவிடுங்கள்.

என்னோடு வேலை செய்தவர்களில் தங்கமான மனுஷர்கள் இருந்தார்கள். சம்பளத்தில் காசு போட்டு, கேட்பாரற்ற பிரேதத்துக்குப் பெட்டி வாங்கியவர் இருந்தார். எனக்கு அரசாங்கச் சிங்களம் எழுதச் சொல்லித்தந்த ஒரு மாத்தறை சார்ஜன்ட், வருடா வருடம் தைப்பொங்கலுக்கு என் லீவுக்காகத் தன் லீவை மாற்றிக்கொள்வார். அவரும் பக்கத்து அறைச் சத்தத்தைக் கேட்டவர்தான். அவரும் எழுதிக்கொண்டேதான் இருந்தார். ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் போனில் பேசும்போது, தூக்கம் வருகிறதா என்று கேட்டார். கொஞ்சம் வருகிறது என்றேன். எனக்கும் கொஞ்சம்தான் என்றார். பிறகு கிரிக்கெட் பற்றிப் பேசினோம்.

தங்கை மகன் விண்ணப்பப் படிவத்தை நிரப்பி, நன்னடத்தைச் சான்றிதழும் எடுத்து, என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பரிந்துரையாளர் என்ற இடத்தில் என் கையெழுத்து வேண்டுமாம். இன்னும் போடவில்லை.

இங்கே எழுதியதெல்லாவற்றையும் சத்தியக் கூற்றாகத் தரவும், கூப்பிட்டால் நேரில் வந்து சொல்லவும் தயார். சொல்வதால் எனக்கு ஏதும் வந்தால் வரட்டும். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைக்குப் போவேன், அன்று மட்டும் வேண்டாம். மற்ற எந்த நாள் என்றாலும் வருவேன். தமிழிலேயே சொல்ல விடுங்கள். மொழிபெயர்க்க வெளியாள் ஒருவரை வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13